புணையும் துடுப்பும்



வட்டுக்கோட்டையின் 1990ஆம் ஆண்டுக்குப் பிந்திய இரவுகளை அறிந்தவர்களுக்கு நான் சொல்லப்போகும் காட்சி புதிதன்று. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. வானொலிப்பெட்டிக்கு இடும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரியும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு ஏற்றிய விளக்கே வீட்டுக்கு ஒளி. அந்த ஒளியில் முற்றத்திலே ஒரு சைக்கிள் தலைகீழாக நிற்கும். அதன் டைனமோவிலிருந்து ஒரு கம்பி வானொலிப்பெட்டிக்குப் போகும். வீட்டுப் பையன் ஒருவன் குந்தியிருந்து மிதிகட்டையைக் கையாற் சுற்றுவான். பெரியவர்கள் சுற்றிவர இருந்து பி.பி.சி. தமிழோசையையோ மணிலாவிலிருந்து வரும் வெரித்தாசையோ கேட்பார்கள்.

பையனின் கை சோர்ந்தால் அறிவிப்பாளரின் குரலும் சோரும். "தம்பி, கெதியாச் சுத்தடா, செய்தி போகுது" என்று அப்பு குரல் கொடுப்பார். கை மீண்டும் விரையும். குரல் மீண்டும் எழும். உலகச் செய்தி தன் தோள் வலியினால் ஒலிக்கிறது என்பதை அந்தப் பையன் எவரும் சொல்லாமலே அறிந்திருந்தான்.

அந்தத் துன்பத்தை அழகு செய்து பேசுவது என் நோக்கமன்று. மின்சாரம் இல்லாத வாழ்வை எவரும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. ஆயினும் அந்தச் சைக்கிள் எமக்கு ஒன்றைக் கற்பித்தது. காரணமும் காரியமும் ஒரே முற்றத்தில், கண் எதிரே நிற்கும்போது மனிதன் ஓர் இயந்திரத்தோடு கொள்ளும் உறவு வேறு. காரணம் மறைந்து காரியம் மட்டும் தெரியும்போது கொள்ளும் உறவு வேறு. இந்த வேறுபாட்டை நினைக்கும்போதெல்லாம் எம்மவர் அதிகம் அறியாத ஒரு விளையாட்டு இயந்திரம் என் நினைவுக்கு வருகிறது. மேல்நாட்டார் அதனைப் பின்போல் என்பர். பின் என்பது ஆணி. போல் என்பது பந்து. எனவே ஆணிப்பந்து என்று நாம் தமிழிலே சொல்லிக்கொள்ளலாம். இன்று அதன் பழைய வகையை, கணினி புகுவதற்கு முந்திய வகையை, உலகின் பல நாடுகளில் மனிதர்கள் தேடிப்பிடித்து, துரு நீக்கி, உயிரூட்டி விளையாடுகிறார்கள். ஏன்? இந்தக் கேள்விதான் இன்றைய எமது பொருள்.

முதலில் அதன் உருவத்தைக் காண்போம். நான்கு கால்களில் நிற்கும், கண்ணாடி மூடிய ஒரு நீண்ட பெட்டி. உள்ளே ஆடுபவரை நோக்கி மெல்லச் சரியும் ஒரு பலகை. அதிலே விரையும் உருக்குக் குண்டு எண்பது கிராம் நிறையுடையது. எங்கள் சிறுவர் அடிக்கும் போளையை விடச் சற்றுப் பெரியது. சுருள்வில் பொருத்திய ஒரு தண்டைப் பின்னுக்கு இழுத்துவிட்டால் குண்டு மேலே பாய்கிறது. பின்னர் அது பலகையில் உள்ள தடைகளில் மோதி, தெறித்து, உருண்டு கீழே வருகிறது. அடியிலே ஒரு வாய். அதனுள் விழுந்தால் அந்தக் குண்டின் ஆட்டம் முடிந்தது. விழாமற் காப்பதற்கு இரண்டு சிறு தட்டுகள் இருக்கின்றன. பெட்டியின் இரு பக்கமும் உள்ள பொத்தான்களை அழுத்தினால் அவை துடுப்புப் போல வீசிக் குண்டை மேலே அனுப்பும். எதிரே நிமிர்ந்து நிற்கும் வண்ண ஓவியக் கண்ணாடியில் புள்ளிகள் தெரியும். ஆட்டம் இவ்வளவே.

இதன் மூதாதை பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சிய மாளிகைகளில் ஆடப்பட்ட பாகற்றெல் என்னும் மேசை விளையாட்டு. ஆணிகள் அடித்த பலகையிற் பந்தைக் கோலாற் தள்ளுவது அது. 1871ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சின்சினாற்றி நகரில் வாழ்ந்த மொன்ரேகு ரெட்கிறேவ் என்பவர், கோலுக்குப் பதிலாகச் சுருள்வில் தண்டைப் பொருத்திக் காப்புரிமை பெற்றார். அதற்கு அடுத்த ஆண்டுதான், 1872இல், எங்கள் வட்டுக்கோட்டையிலே யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது. அதற்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1823இல், அமெரிக்க மிஷனரிமார் அவ்விடத்தில் செமினரியை நிறுவி, தமிழோடு வானியலும் கணிதமும் இயற்கை விஞ்ஞானமும் படிப்பித்தனர். பந்து எந்தக் கோணத்தில் மோதினால் எந்தக் கோணத்தில் மீளும் என்பது அந்த விஞ்ஞானத்தின் பாலபாடம். அமெரிக்காவிலிருந்து அந்தப் பாடம் எங்கள் ஊருக்கு வந்தது, விளையாட்டு வரவில்லை. இரண்டுக்கும் வேறு தொடர்பு இருப்பதாக நான் சாதிக்கவில்லை. ஒரே காலத்தின் ஒரே ஆர்வம் ஓரிடத்தில் பாடமாகவும் ஓரிடத்தில் விளையாட்டாகவும் வடிவெடுத்தது என்று மட்டும் சொல்கிறேன்.

1931இல் சிக்காகோவைச் சேர்ந்த டேவிட் கொட்லீப் பவிள் போல் என்னும் மேசைப்பெட்டியை விற்பனைக்கு விட்டார். உலகப் பொருளாதார வீழ்ச்சியின் காலம் அது. வேலை இழந்தவர்கள் ஒரு சிறு நாணயத்துக்குச் சிறிது நேரம் கவலை மறந்தார்கள். பெட்டி பல்லாயிரக்கணக்கில் விற்றது. ஆனால் அதிலே துடுப்பு இல்லை; மின்சாரமும் இல்லை. தண்டை இழுத்துவிட்டபின் ஆடுபவர் பார்வையாளரே. குண்டு போகும் வழியிற் போகும். பெட்டியைச் சற்றே தட்டிப் பார்க்கலாம். அதற்கு மேல் அவர் செய்ய ஏதுமில்லை.

1933இல் ஹரி வில்லியம்ஸ் என்பவர் கொன்ராக்ற் என்னும் பெட்டியில் பற்றரியையும் மின்காந்தச் சுருளையும் சேர்த்தார். ஒரு குழியில் விழுந்த குண்டை மின்காந்தம் உதைத்து மீண்டும் ஆட்டத்துக்கு அனுப்பியது, மணியும் ஒலித்தது. பெட்டியைத் தூக்கியும் ஆட்டியும் ஏமாற்றுவோரைத் தடுக்கும் பொறியை வகுத்தவரும் இவரே. காலப்போக்கில் அந்தக் காவல் ஒரு சிறிய ஊசற்குண்டாயிற்று. பெட்டியை அளவுக்கு மீறி ஆட்டினால் ஊசல் தன்னைச் சூழ்ந்த வளையத்தைத் தொடும், மின்சுற்று நிறைவுறும், துடுப்புகள் செத்துப்போகும், ரில்ற் என்ற எழுத்து ஒளிரும். மெல்லத் தட்டுவது கலை. பலமாக உலுப்புவது குற்றம். இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு வளையத்தின் இடைவெளி மட்டுமே உண்டு. அளவறிதல் என்று எம் முன்னோர் சொன்னதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் கருவி வேறொன்றை நான் அறியேன்.

பெரும் திருப்பம் 1947இல் வந்தது. கொட்லீப் நிறுவனத்தின் ஹரி மப்ஸ் என்ற வடிவமைப்பாளர் ஹம்ப்டி டம்ப்டி என்னும் பெட்டியில் மின்சாரத்தால் இயங்கும் துடுப்புகள் ஆறினைப் பொருத்தினார். மறு ஆண்டு ஸ்ரீவ் கோர்டெக் என்பவர் இரண்டே துடுப்புகளைப் பலகையின் அடியில் வைத்தார். இன்றுவரை வழக்கில் இருப்பது அந்த அமைப்பே. அன்று முதல் ஆடுபவர் பார்வையாளர் அல்லர்.

நேயர்களே, இந்த இடத்தில் எங்கள் இலக்கியத்தின் பக்கம் சற்றுத் திரும்புவோம். கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலை அறியாதவர் இங்கு இருக்கமாட்டீர்கள். மழையினாற் பெருகிக் கல்லிலே மோதி ஒலித்து ஓடும் பேரியாறு. அதன் வழியே செல்லும் புணை. அதுபோல ஊழின் வழியே செல்லும் உயிர். 1931இன் பெட்டியைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் புணைதான் தோன்றும். குண்டு ஆணிகளில் மோதி மோதி, சரிவின் வழியே சென்று, முடிவில் அடையவேண்டிய இடத்தை அடைகிறது. 1947இன் பெட்டியிலும் ஆறு அதே ஆறுதான். சரிவும் கற்களும் மாறவில்லை. புணைக்கு ஒரு துடுப்புக் கிடைத்தது, அவ்வளவே.

துடுப்பு ஆற்றை நிறுத்தாது. எவ்வளவு வல்லவர் ஆடினாலும் குண்டு என்றோ ஒருமுறை அடிவாயில் விழத்தான் போகிறது. அதனை அறிந்தே ஆடுகிறார்கள். திருவள்ளுவர் முப்பத்தெட்டாம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைப் பேசினார். அறுபத்திரண்டாம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையைப் பேசினார். இவை ஒன்றுக்கொன்று முரணல்லவா என்று உரையாசிரியர்களும் பட்டிமன்றப் பேச்சாளர்களும் எவ்வளவோ வாதித்தார்கள். ஆணிப்பந்தின் முன் ஒரு மணி நேரம் நின்றவருக்கு அது முரணாகத் தோன்றாது. சரிவு ஊழ், பொத்தானில் வைத்த விரல் ஆள்வினை. இரண்டும் ஒரே பலகையில் ஒரே கணத்தில் இருக்கின்றன.

எங்கள் கரம்போட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே காய் அசையாமற் காத்திருக்கும். நாம் குனிந்து, கோணம் பார்த்து, மூச்சடக்கிச் சுண்டலாம். முழுக்க முழுக்கக் கைத்திறன். தாயத்தை நினையுங்கள். அங்கே எந்தக் காயை நகர்த்துவது என்பது மட்டும் எம் கையில்; விழும் எண் எம் கையில் இல்லை. ஆணிப்பந்து இவை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. காயும் காத்திராது, எண்ணும் முற்றாக விதியன்று.

இந்த நடுநிலை ஒரு காலத்தில் சட்டப் பிரச்சினையாயிற்று. இது சூதாட்டமே என்று கருதிய நியூயோர்க் நகர முதல்வர் லா கார்டியா 1942இல் இதனைத் தடை செய்வித்தார். பிள்ளைகளின் சில்லறையைப் பறிக்கும் கருவி என்றார். கைப்பற்றிய பெட்டிகளை அவரே சம்மட்டியால் உடைக்கும் படங்கள் வெளிவந்தன. அவருடைய அச்சத்தில் உண்மை இல்லாமலில்லை. அக்காலத்திற் சில பெட்டிகள் வெற்றிக்குப் பணம் கொடுத்தன. தடை 34 ஆண்டுகள் நீடித்தது. 1976இல் நகரசபைக் குழுவின் முன் ரோஜர் ஷார்ப் என்ற இளம் எழுத்தாளர் நிறுத்தப்பட்டார். இது திறமையின் ஆட்டமே என்று காட்டவேண்டியது அவர் பொறுப்பு. தண்டை இழுப்பதற்கு முன், "குண்டு நடு வழியாலே போகும்" என்று சொன்னார். இழுத்தார், விட்டார். குண்டு நடு வழியாலே போயிற்று. தடை நீங்கியது. ஆனால் பின்னாளில் அவரே, அந்த ஒரு வீச்சில் அதிர்ஷ்டமும் இருந்தது என்று ஒப்புக்கொண்டார். திறமையை நிரூபிக்க நின்ற கணத்திலும் ஊழ் பக்கத்தில் நின்றது!

இனி, பழைய பெட்டியை மட்டும் ஏன் தேடுகிறார்கள் என்ற கேள்விக்கு வருவோம். 1977ஐ ஒட்டிய ஆண்டுகளில் நுண்செயலிகள் இந்தப் பெட்டிகளுக்குள் புகுந்தன. சில ஆண்டுகளுக்குள் பழைய வகை உற்பத்தி நின்றது. புதியவை விரைவானவை, பேசுகின்றன, பாடுகின்றன, கதை சொல்கின்றன. பழையவையோ மெதுவானவை; அடிக்கடி பழுதாகின்றவை. இருந்தும் அவற்றிலே ஒரு சிறப்பு உண்டு.

பழைய பெட்டியைத் திறந்து பார்த்தால் மைல் கணக்கில் கம்பி ஓடுவது போலத் தோன்றும். வண்ண வண்ணத் துணியுறை போர்த்திய கம்பிகள். நிரைநிரையாக ரிலேக்கள். ரிலே என்பது வேறொன்றுமில்லை. மின்காந்தம் ஒன்று சிறு இரும்புத் தகட்டை இழுக்க, தகடு அசைந்து வேறு சில தொடுமுனைகளைச் சேர்க்கும் அல்லது பிரிக்கும். அதுவே அந்தப் பெட்டியின் ஞாபகசக்தி. குண்டு ஓர் இலக்கை அடித்தது என்பதை நினைவில் வைத்திருப்பது இழுபட்ட ஒரு தகடு. எண்ணிக்கையை நினைவில் வைத்திருப்பது ஒவ்வொரு பல்லாக நகரும் ஒரு சில்லு. ஐம்பது புள்ளி பெற்றால், உள்ளே இருக்கும் சிறு மோட்டார் சுழன்று, பத்துப் பத்தாக ஐந்து தரம் எண்சில்லைத் தள்ளும். ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு மணித்தகடு ஒலிக்கும். டக், டிங், டக், டிங். ஆடுபவர் பலகையை விட்டுக் கண் எடுக்கவேண்டியதில்லை, காதினாலே கணக்கறிவார். போதிய புள்ளி சேர்ந்து இலவச ஆட்டம் கிடைத்தால், ஒரு மின்காந்தச் சுத்தியல் பெட்டியின் மரத்திலே 'டொக்' என்று ஓங்கி அடிக்கும். அந்த ஒலியைக் கேட்டுக் கடையில் உள்ளவர் எல்லாரும் திரும்பிப் பார்ப்பர்.

கவனியுங்கள். இவை பதிவுசெய்த ஒலிகள் அல்ல. ஒலிபெருக்கியில் வருபவையும் அல்ல. உண்மையான உலோகம் உண்மையான உலோகத்தைத் தட்டும் ஒலி. ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை விரலாற் தொட்டுக் காட்டலாம். புள்ளி ஏறவில்லையா? மூடியைத் திற. எந்தத் தகடு இழுபடவில்லை என்று பார். தொடுமுனையிற் கரி படிந்திருக்கும். மெல்லிய அரத்தால் ஒரு தரம் தேய். மீண்டும் டக், டிங். கம்பிவழி வரைபடம் ஒன்றும் பொறுமையும் இருந்தால் ஐம்பது ஆண்டுக்கு முந்திய பெட்டியையும் ஒருவர் தனியாகவே எழுப்பிவிடலாம். கலிபோர்னியாவின் அலமீடாவிலும் ஹங்கேரியின் புடாபெஸ்ரிலும் இந்தப் பெட்டிகளுக்கென அரும்பொருளகங்கள் உண்டு. அங்கே இவை கண்ணாடிப் பேழைக்குள் உறங்குவதில்லை; வருவோர் ஆடுகிறார்கள். ஆடத்தக்க நிலையில் வைத்திருப்பதே இவற்றைப் பேணுதல் என்று அங்குள்ளோர் கருதுகின்றனர்.

இலக்கியக்காரரும் இந்தப் பெட்டியை விட்டுவைக்கவில்லை. அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் சரோயன் 1939இல் எழுதிய உன் வாழ்வின் வேளை என்னும் நாடகம் சான் பிரான்சிஸ்கோ மதுச்சாலை ஒன்றில் நடக்கிறது. ஏழை, கலைஞன், விலைமாது, பொலிஸ்காரன் என்று பலர் வந்து போகின்றனர். ஒரு மூலையில் வில்லி என்ற இளைஞன் இந்தப் பெட்டியோடு போராடிக்கொண்டே இருக்கிறான். நாடகத்தின் பிற்பகுதியில் அவன் வெல்கிறான். விளக்குகள் மின்னுகின்றன, கொடி எழுகிறது, இசை ஒலிக்கிறது. கிடைப்பதோ சில நாணயங்கள். ஆனால் அவன் முகத்திலே உலகை வென்ற பெருமிதம். அந்த நாடகத்துக்கு 1940இல் புலிற்சர் பரிசு அளிக்கப்பட்டது. சரோயன் அதனை ஏற்க மறுத்துவிட்டார்.

யப்பானிய எழுத்தாளர் ஹருகி முரகாமி 1980இல் வெளியிட்ட இரண்டாவது நாவலின் பெயரிலேயே இந்தப் பெட்டி இருக்கிறது. கதைசொல்லி தன் மாணவப் பருவத்தில் ஒரு பெட்டியோடு ஒன்றிக் கிடந்தவன். ஒருநாள் அந்த விளையாட்டுக்கூடம் மூடப்படுகிறது. பெட்டி காணாமற் போகிறது. ஆண்டுகள் கழித்து அதைத் தேடிச் செல்கிறான். முன்னர் கோழி இறைச்சி வைத்திருந்த குளிர்க்கிடங்கு ஒன்றிலே, வரிசையாக நிற்கும் பெட்டிகளின் நடுவே, அதனைக் காண்கிறான். ஆடவில்லை. இறந்த ஒருத்தியோடு பேசுவது போல அதனோடு பேசிவிட்டுத் திரும்புகிறான். சரோயனுக்கு அந்தப் பெட்டி நம்பிக்கை. முரகாமிக்கு அது இழப்பு. இரண்டும் அதற்குப் பொருந்துகின்றன. நம்பிக்கையோடு ஒவ்வொரு குண்டையும் அனுப்புகிறோம், ஒவ்வொன்றையும் இழக்கிறோம்.

ஆகவே பழைய பெட்டியின் கவர்ச்சி வெறும் பழமைப் பற்று மட்டுமன்று என்பது என் எண்ணம். அது எம்மிடம் ஒரு நேர்மையான உடன்படிக்கை செய்கிறது. 'சரிவை நீ மாற்ற இயலாது. முடிவையும் மாற்ற இயலாது. இடையிலே நடப்பதில் உனக்குப் பங்கு உண்டு. நான் என்ன செய்கிறேன் என்பதை உன்னிடம் மறைக்கமாட்டேன்' என்கிறது. இன்று எம் கையில் உள்ள கைபேசி இதனைவிடக் கோடி மடங்கு வல்லது. அதனை நான் குறை கூறவில்லை. வெளிநாட்டில் வாழும் பேரப்பிள்ளையின் முகத்தை அது முற்றத்துக்கே கொண்டுவருகிறது. ஆனால் அது நின்றுபோனால் நாமும் நின்றுபோகிறோம். மூடியைத் திறந்து பார்க்கும் எண்ணமே எமக்கு வருவதில்லை. திறந்தாலும் பார்க்க ஒன்றுமில்லை.

1990க்குப் பின் வந்த அந்த ஐந்து ஆண்டுகளும் யாழ்ப்பாணம் தாக்குப்பிடித்தமைக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, எமது கையில் இருந்த பொருள்கள் திறக்கக்கூடியனவாக இருந்தமை. டைனமோவைத் திறக்கலாம், வானொலியைத் திறக்கலாம், நீர் இறைக்கும் இயந்திரத்தைத் திறக்கலாம். சந்திக்குச் சந்தி இருந்த திருத்துநர்கள் பட்டம் பெற்றவர்கள் அல்லர். காரணத்தைத் தேடிக் காணும் பழக்கம் பெற்றவர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கத்தை எங்கே கொடுக்கப்போகிறோம்? சூத்திரங்களை மனனம் செய்வதால் அது வராது. எதையேனும் திறந்து, பழுதாக்கி, திருத்தி, 'டக்' என்று அது மீண்டும் உயிர்பெறும் ஒலியைக் கேட்டவருக்கே அது வரும். ஒரு பழைய சைக்கிள் டைனமோவும் ஒரு சிறு மின்குமிழும் இருந்தாற் போதும். வீட்டு முற்றத்திலேயே தொடங்கலாம்.

ஆறு பெரிது, கற்களும் பல. புணையிலே ஏறிவிட்டோம். துடுப்பைப் பிடிக்கும் கையையாவது பழக்கிக்கொள்வோம்.